சமூகம் ஏன் மாறுகிறது: எந்தக் கோட்பாடு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது?

கூட்டுக் குடும்பம் தனிக் குடும்பமாக மாறியதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பாடத்தில் பரிணாமக் கோட்பாடு, செயல்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, சுழற்சிக் கோட்பாடு என நான்கு இருக்கின்றன. எதைப் படித்தாலும் அதுவே சரி என்று தோன்றுகிறது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாமே சரியாகத் தோன்றுவது உங்கள் வாசிப்பின் குறை அல்ல. பாடநூல்கள் இவற்றை ஒரே தொகுதியில் நிற்கும் வேட்பாளர்களைப் போல வரிசைப்படுத்திவிடுகின்றன. உண்மையில் அவை வெவ்வேறு கேள்விகளுக்காக எழுந்தவை. மாற்றம் எந்தத் திசையில் போகிறது என்பது ஒரு கேள்வி. இவ்வளவு காலம் ஏன் மாறாமல் இருந்தது என்பது இன்னொன்று. யார் தள்ளியதால் மாறியது, ஏன் அந்தப் பத்தாண்டில் மாறியது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் பரவியது என்பவையும் தனித்தனிக் கேள்விகள். உங்கள் கேள்வி எது என்று முடிவு செய்தால் கோட்பாட்டுத் தேர்வு பாதி முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு ஆதாரம் வேண்டும்.

எந்தக் கோட்பாட்டையும் தொடுவதற்கு முன்னால் மாறியது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: யாருடைய எந்த நடத்தை, எங்கே, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை, எவ்வளவு. 'சமூகம் நவீனமானது' என்பதை விளக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அளவு கையில் வந்த பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரு சராசரி மூன்று வழிகளில் நகரும். மனிதர்கள் மனம் மாறலாம். மூத்தவர்கள் மறைந்து, வேறு பழக்கத்தோடு வளர்ந்த இளையவர்கள் அந்த இடத்துக்கு வரலாம். அல்லது மக்கள்தொகையின் கலவை மட்டும் மாறலாம். மூன்றாவதை நிறையப் பேர் தவற விடுகிறார்கள். பள்ளி முடிக்காதவர்களில் 20 சதவீதத்தினரும் முடித்தவர்களில் 60 சதவீதத்தினரும் ஒரு கருத்தை ஆதரிப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 70 பேர் பள்ளி முடிக்காதவர்கள் என்றால் மொத்த ஆதரவு 14 கூட்டல் 18, அதாவது 32. கலவை தலைகீழாகி 70 பேர் பள்ளி முடித்தவர்களானால் 6 கூட்டல் 42, அதாவது 48. ஆதரவு 16 புள்ளி கூடிவிட்டது. ஆனால் இரண்டு குழுக்களுக்குள்ளும் விகிதம் துளியும் அசையவில்லை. இங்கே விளக்க வேண்டியது பள்ளிக் கல்வியின் விரிவாக்கத்தை. கருத்து மாறிய கதையை எழுதினால் இல்லாத ஒன்றை விளக்கியதாகிவிடும்.

தலைமுறை மாற்றத்தை மனமாற்றத்திலிருந்து பிரிக்க, நார்மன் ரைடர் 1965இல் வலியுறுத்தியதுபோல், பிறந்த ஆண்டு வாரியாக மக்களை அணி பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு முடிச்சு உண்டு. கணக்கெடுத்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகத் தெரிந்துவிடும் என்பதால், வயது, காலம், பிறப்பு அணி ஆகிய மூன்றின் விளைவுகளையும் புள்ளிவிவரம் மட்டுமே கொண்டு முழுதாகப் பிரிக்க முடியாது. வெளியிலிருந்து ஓர் அனுமானத்தைக் கொண்டுவந்தே தீர வேண்டும். அந்த அனுமானம் என்ன என்று சொல்லாத ஆய்வைப் படித்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

இனி கோட்பாடுகளுக்கு வருவோம். ஆகஸ்ட் காம்ட், ஹெர்பர்ட் ஸ்பென்சர் காலத்துப் பரிணாமப் பார்வை எல்லாச் சமூகங்களையும் ஒரே ஏணியில் நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த நவீனமயமாதல் கோட்பாடு அதே ஏணிக்குத் தொழில்மயம், நகரம், கல்வி என்று புதுப் படிகள் வைத்தது. இது திசையைப் பற்றிய கோட்பாடு. நீண்ட காலத்தில் சமூக அமைப்புகள் மேலும் மேலும் பிரிந்து சிக்கலாகின்றன என்ற வரையில் இதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது. ஆனால் 'எப்போது' என்று கேட்டால் தடுமாறிவிடும். ஐரோப்பாவில் பிறப்பு விகிதம் சரிந்தது இதற்கு நல்ல சோதனை. பிரான்சில் அந்தச் சரிவு பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கியது. அப்போது அது பெரும்பாலும் விவசாய நாடு. தொழிற்புரட்சியின் தாயகமான இங்கிலாந்தில் 1870களில்தான் தொடங்கியது. ஆன்ஸ்லி கோல் தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த பெரிய ஆய்வு ஐரோப்பாவை மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தது. வளர்ச்சி நிலையை வைத்துச் சரிவு தொடங்கும் காலத்தைக் கணிக்க முடியவில்லை. பல இடங்களில் மொழி, பண்பாட்டு எல்லைகளை ஒட்டியே சரிவு பரவியிருந்தது. ஏணியைக் கையில் எடுப்பவர்கள் இந்த முடிவை மறக்கக் கூடாது.

ஒரு வழக்கம் சமூகத்துக்கு என்ன பயன் தருகிறது என்று கேட்பது செயல்பாட்டியம். அதன் வேர் எமில் துர்க்கேமிடம் இருக்கிறது. 1893இல் அவர் வேலைப் பிரிவினையை விளக்கிய விதம் இன்றும் படிக்கத் தக்கது. மக்கள்தொகை பெருகுகிறது, அதைவிட முக்கியமாக, மனிதர்கள் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் அடர்த்தி கூடுகிறது. ஒரே தொழிலைச் செய்பவர்களுக்குள் போட்டி முற்றுகிறது. ஆளுக்கொரு சிறப்புத் தொழிலுக்கு விலகிப்போவது அந்தப் போட்டியிலிருந்து தப்பும் ஒரு வழி. இதில் காரணமும் இருக்கிறது, அது வேலை செய்யும் வழியும் இருக்கிறது. பின்னால் வந்த பல செயல்பாட்டியர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிட்டு, 'சமூகத்துக்குத் தேவைப்பட்டது, அதனால் வந்தது' என்று எழுதினார்கள். துர்க்கேமே 1895இல் இதை எச்சரித்திருக்கிறார்: ஒன்றால் என்ன பயன் என்று காட்டிவிட்டால் அது எப்படித் தோன்றியது என்று காட்டியதாகாது. மாணவர் கட்டுரைகளில் மிக அடிக்கடி வரும் பிழை இதுதான். உங்கள் கட்டுரையில் 'தேவை' என்ற சொல் வரும் இடமெல்லாம் யாருடைய தேவை, அவர் அதற்காக என்ன செய்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

முரண்பாட்டுக் கோட்பாட்டின் வேர் மார்க்ஸிடம் இருக்கிறது. அவர் மாற்றத்தைத் தள்ளும் சக்தியைப் பற்றிப் பேசுகிறார். 1859இல் எழுதிய புகழ்பெற்ற முன்னுரையில், உற்பத்திச் சக்திகள் (உழைப்பு, கருவி, தொழில்நுட்பம்) ஒரு கட்டத்தில் தமக்கு இடம் கொடுத்திருந்த சொத்துறவுகளோடு மோதுகின்றன, வளர்ச்சிக்கு வழியாக இருந்த உறவுகளே விலங்காகின்றன, அப்போது சமூகப் புரட்சியின் காலம் தொடங்குகிறது என்கிறார். இதை எல்லா நாட்டுக்கும் விதிக்கப்பட்ட வரிசை என்று படிப்பவர்கள், அவர் 1881இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா சசூலிச்சுக்கு எழுதிய கடிதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 'மூலதனம்' நூலில் தாம் காட்டிய அந்த 'வரலாற்றுக் கட்டாயம்' மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மட்டுமே உரியது என்று அதில் தெளிவாகச் சொல்கிறார். முரண்பாட்டுப் பார்வை நமக்குத் தரும் பெரிய கருவி, பழைய ஏற்பாட்டால் யாருக்கு லாபம், புதியதால் யாருக்கு நட்டம் என்ற கேள்வி. வில்லியம் ஆக்பர்ன் 1922இல் முன்வைத்த பண்பாட்டுப் பின்தங்கல் கருத்தோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் அதன் பலம் புரியும். தொழில்நுட்பம் முன்னே ஓடுகிறது, சட்டமும் வழக்கமும் பின்னே வருகின்றன என்றார் ஆக்பர்ன். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் விபத்துகள் 1870களிலிருந்தே பெருகின. இழப்பீட்டுச் சட்டமோ விஸ்கான்சினில் 1911இல்தான் நடைமுறைக்கு வந்தது. கடைசி மாநிலமான மிசிசிப்பி 1948வரை எடுத்துக்கொண்டது. அளவீடு சரிதான். ஆனால் சட்டம் தானாகப் பின்தங்கவில்லை. அடிபட்ட தொழிலாளியே செலவைச் சுமக்கும்வரை தாமதம் முதலாளிகளுக்கு மலிவாக இருந்தது. வழக்குகளில் தொழிலாளிகள் வெல்லத் தொடங்கி, இழப்பீட்டுத் தொகை எவ்வளவாகும் என்று கணிக்க முடியாமல் போனபோது, நிலையான தொகை பல முதலாளிகளுக்கே வசதியானது. இடைவெளியை ஆக்பர்ன் அளந்து காட்டினார். அது ஏன் நீண்டது என்பதை நலன்களைப் பார்த்தால்தான் சொல்ல முடிகிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை 'மார்க்ஸுக்கு எதிர்ப்பதம்' என்று சுருக்கிவிடாதீர்கள். மனிதர்களை நகர்த்துவது நலன்களே, ஆனால் எந்தத் தடத்தில் நகர்வது என்பதைப் பல நேரங்களில் கருத்துகள் தீர்மானிக்கின்றன என்பதே அவர் நிலை. சீர்திருத்தக் கிறித்துவத்தின் (புராட்டஸ்டண்ட்) ஒழுக்கம் முதலாளித்துவ மனப்பாங்குக்கு வழிவிட்டது என்று 1904, 1905இல் அவர் எழுதியது இன்னும் தீராத வாதம். சாஷா பெக்கரும் லூட்கர் வோஸ்மானும் 2009இல் பழைய பிரஷ்ய மாவட்டத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சீர்திருத்தச் சபையினர் அதிகமாக இருந்த மாவட்டங்கள் செழிப்பாகவே இருந்தன. ஆனால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதியை எழுத்தறிவு விளக்கிவிடுகிறது. விவிலியத்தை எல்லாரும் தாமே படிக்க வேண்டும் என்ற லூதரின் வற்புறுத்தலால் பள்ளிகள் பெருகியிருந்தன. மதம் மாற்றத்துக்குக் காரணமாக இருந்தது என்பது நிற்கிறது. அது வேலை செய்த வழி வெபர் சொன்னதுதானா என்பது ஐயத்துக்கு உரியது. காரணத்தையும் அது செயல்பட்ட வழியையும் தனித்தனியே சோதிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

இப்போது ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து எல்லாக் கோட்பாடுகளையும் அதன் முன் நிறுத்திப் பார்ப்போம். சீனாவில் சிறுமிகளின் பாதத்தை இறுகக் கட்டி வளரவிடாமல் செய்யும் வழக்கம் பல நூற்றாண்டுகள் நீடித்தது. பீஜிங்குக்குத் தெற்கே உள்ள டிங்சியான் என்ற கிராமப்புற வட்டாரத்தில் சிட்னி கேம்பிள் திரட்டிய விவரப்படி, 1889இல் 99 சதவீதம், 1899இல் 94 சதவீதம், 1919இல் பூஜ்யம். இந்த எண்கள் பெண்களைப் பிறப்பு வாரியாகப் பார்த்து வந்தவை. ஏற்கெனவே கட்டப்பட்ட பாதங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. புதிதாகக் கட்டுவதுதான் நின்றது. அத்தனை காலம் அசையாத ஒன்று முப்பது ஆண்டுகளில் ஏன் முடிந்தது?

நவீனமயமாதல் என்று சொன்னால் டிங்சியான் இடிக்கிறது; அது தொழில் நகரம் அல்ல. அதோடு, வணிகமும் நகரங்களும் செழித்த காலங்களில் இந்த வழக்கம் தேயாமல் மேலும் பரவியது. செயல்பாட்டியம் அது ஏன் நீடித்தது என்பதை நன்றாக விளக்கும்: கட்டிய பாதம் திருமணச் சந்தையில் தகுதி, குடும்பத்தின் மானத்துக்கு அடையாளம். ஆனால் அது ஏன் சரிந்தது என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. அதிகாரம் மாற்றியது என்றால், பதினேழாம் நூற்றாண்டில் நாட்டை வென்ற மஞ்சு அரசு தடை விதித்துத் தோற்று, 1668இல் தடையைத் திரும்பப் பெற்றதை என்ன செய்வது? 1902ஆம் ஆண்டு அரச ஆணையும் 1912ஆம் ஆண்டுத் தடையும் சரிவு தொடங்கிய பிறகு வந்தவை. கருத்து மாற்றியது என்றால், யுவான் மெய் போன்ற அறிஞர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இதை எதிர்த்து எழுதியும் ஒன்றும் நடக்கவில்லையே.

ஜெரி மேக்கி 1996இல் வேறு வழியில் யோசித்தார். எந்தப் பெற்றோரும் மகளின் வலியை விரும்பவில்லை. ஆனால் தம் வீட்டில் மட்டும் நிறுத்தினால் அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் இழப்பில்லை. இத்தகைய நிலையில் தனி மனிதரைத் திருத்துவதால் பயனில்லை, ஒருங்கிணைப்புதான் வேண்டும். சியாமென் நகரில் 1870களில் தொடங்கி, பின்னர் பல ஊர்களுக்குப் பரவிய சங்கங்கள் இதையே செய்தன. அவற்றின் உறுதிமொழிக்கு இரண்டு பாதி உண்டு: மகளின் பாதத்தைக் கட்ட மாட்டோம், மகனுக்குப் பாதம் கட்டிய பெண்ணை எடுக்க மாட்டோம். இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதியைக் காப்பாற்ற முடியாது. ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுக்கும் குடும்பங்களில் போதுமான பேர் சேர்ந்துவிட்டால் மற்றவர்களும் சேர்வதே அவர்களுக்கு நல்லது என்றாகிவிடும்.

இதற்கு வலுவான மாற்று விளக்கமும் உண்டு. லாரல் போசனும் ஹில் கேட்சும் கிராமங்களில் இருந்த முதிய பெண்களிடம் விரிவாக விசாரித்து, பாதக்கட்டு சிறுமிகளை ஓரிடத்தில் உட்கார வைத்து நூற்கவும் நெய்யவும் செய்வதோடு பிணைந்திருந்தது என்று 2017இல் வாதிட்டார்கள். ஆலை நூல் வந்து கைநூற்பு கட்டுப்படியாகாமல் போனபோது சிறுமியை உட்கார வைப்பதில் வீட்டுக்கு லாபமில்லை. இரண்டு விளக்கங்களும் வெவ்வேறு தடயங்களை எதிர்பார்க்க வைக்கின்றன. மேக்கி சரியென்றால் பெண் கொடுக்கல் வாங்கல் உள்ள வட்டம் முழுவதும், வீட்டுத் தொழில் எதுவானாலும், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் மாற வேண்டும். போசனும் கேட்சும் சரியென்றால் ஆலை நூல் எந்த ஊருக்கு எப்போது வந்ததோ அதற்கேற்ப ஊருக்கு ஊர் வேறுபட வேண்டும். என் கணிப்பில், கைநூற்பின் வீழ்ச்சி பழைய வழக்கத்தின் பொருளாதாரப் பிடியைத் தளர்த்தியது. சரிவின் அந்த வேகத்தை ஒருங்கிணைப்புதான் விளக்குகிறது. இது என் தீர்ப்பு, நிறுவப்பட்ட முடிவு அல்ல.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது மார்க் கிரானோவெட்டர் 1978இல் காட்டிய கணக்கைத் தவிர்க்க முடியாது. ஒரு மைதானத்தில் நூறு பேர். எத்தனை பேர் கலவரத்தில் இறங்கிய பிறகு தாமும் இறங்குவார் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை எண். முதல் ஆளுக்கு 0, அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் ஆள் கல்லெறிகிறார். ஒருவர் இறங்கிவிட்டதைப் பார்த்து எண் 1 உள்ளவர் இறங்குகிறார். இருவரைப் பார்த்து அடுத்தவர். கடைசியில் நூறு பேரும். இப்போது எண் 1 உள்ளவரின் எண்ணை மட்டும் 2 ஆக்குங்கள். முதல் ஆள் கல்லெறிகிறார், அதோடு முடிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர் முதல் கூட்டத்தை வன்முறைக் கூட்டம் என்றும் இரண்டாவதில் ஒரு கிறுக்கர் கல்லெறிந்தார் என்றும் எழுதுவார். இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரே மனிதரின் ஒரே எண். விளைவைப் பார்த்து மக்களின் மனநிலையை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

1989இல் கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகள் அடுத்தடுத்து விழுந்ததைத் தைமூர் குரான் இதே வழியில் விளக்கினார். அச்சத்தால் மக்கள் உள்ளக்கருத்தை மறைத்தார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்கள் ஆட்சியை ஏற்பதாக நம்பினார்கள். சிலர் வெளியே வந்ததும் அந்த நம்பிக்கை உடைந்தது. பெர்லின் சுவர் விழுந்து சில மாதங்களுக்குப் பிறகு கிழக்கு ஜெர்மானியர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், இப்படி நடக்கும் என்று தாங்கள் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை என்று 76 சதவீதத்தினர் சொன்னார்கள். மாற்றத்தை நடத்தியவர்களுக்கே அது வியப்பு.

ஆபத்தில்லாத மாற்றங்கள் நிதானமாகப் பரவும். அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோள விதை 1928 வாக்கில் வந்தது. பிரைஸ் ரயனும் நீல் கிராசும் 259 விவசாயிகளை விசாரித்து 1943இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1941க்குள் இருவரைத் தவிர எல்லாரும் அதற்கு மாறிவிட்டார்கள். செய்தி முதலில் பெரும்பாலும் விதை விற்பனையாளர் வாயிலாகவே வந்தது. துணிந்து முடிவெடுக்க வைத்ததோ அக்கம்பக்கத்தார் அனுபவம். மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகமெடுத்து, இறுதியில் தளரும் அந்த வளைவு பிறகு எண்ணற்ற ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும்: பரவாமல் செத்துப்போன புதுமைகளை யாரும் அதே அக்கறையோடு ஆய்வதில்லை. வென்றவற்றை மட்டும் படித்தால் பரவுவதே இயல்பு என்று தோன்றிவிடும்.

புரட்சிகளைப் பொறுத்தவரை தீடா ஸ்காச்பால் 1979இல் பிரான்ஸ், ரஷ்யா, சீனாவை ஒப்பிட்டுச் சொன்னது நினைவில் இருக்கட்டும். மக்களின் கோபம் எங்கும் எப்போதும் இருக்கும். வெளிநாட்டுப் போட்டியால் அரசு நிதியிலும் படையிலும் நிலைகுலைவதும், கிராமப்புறக் கிளர்ச்சிக்கு வழியிருப்பதும் சேர்ந்தபோதுதான் புரட்சி வென்றது. சமூகங்கள் எழுந்து விழுந்து மீண்டும் எழும் என்பவை சுழற்சிக் கோட்பாடுகள். பதினான்காம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு கால்தூன் முதல் இருபதாம் நூற்றாண்டுச் சமூகவியலாளர் சொரோகின் வரையிலான அவற்றை நான் குறைவாகவே நம்புகிறேன். கால்தூன் 1377இல் எழுதியதில் மட்டும் உண்மையான ஓர் இயங்குமுறை இருக்கிறது: கடும் வாழ்க்கையில் இறுகிய குழு ஒற்றுமை ஆட்சியைப் பிடிக்கிறது, ஆட்சியின் சொகுசில் சில தலைமுறைகளுக்குள் கரைகிறது. மற்றவற்றில் சுழலின் நீளத்தை ஆசிரியர் விருப்பம்போல் நீட்டவும் குறுக்கவும் முடிகிறது.

உங்கள் தலைப்புக்கு வருகிறேன். முதலில் தொடக்கப் புள்ளியையே சோதிக்க வேண்டும். தொழில்மயத்தால் உலகெங்கும் குடும்பம் தனிக் குடும்ப வடிவத்தை நோக்கி நகர்கிறது என்று வில்லியம் குட் 1963இல் எழுதினார். பீட்டர் லாஸ்லெட்டும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் 1574 முதல் 1821 வரையிலான பதிவுகளைக் கொண்டு நூறு ஆங்கிலேய ஊர்களை எண்ணிப் பார்த்தபோது, ஒரு வீட்டில் சராசரியாக 4.75 பேர்தான் இருந்தார்கள். ஆலைகள் வருவதற்கு முன்பே அங்கே தனிக் குடும்பம்தான் பெருவழக்கு. மாறாத ஒன்றுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். ஆயுள் குறைவாக இருந்த காலத்தில் பேரப்பிள்ளை வளரும்வரை தாத்தா பாட்டி உயிரோடு இருப்பதே அரிது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் விருப்பம் எவ்வளவு இருந்தாலும் அதற்கு ஆட்கள் இருக்க வேண்டுமே. அடுத்து, எதை அளக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரே சமையல், பிரிக்காத சொத்து, பணமும் பராமரிப்பும் பகிரும் கடமை ஆகிய மூன்றும் ஒன்றாக மாறுவதில்லை. மகன் தனிச் சமையல் வைத்த பிறகும் சொத்து பிரியாமல் இருக்கலாம். சொத்து பிரிந்த பிறகும் மாதாமாதம் பணம் போகலாம். வீட்டுக் கணக்கெடுப்பு முதலாவதை மட்டும் காட்டும். சொத்து பிரிவதை விளக்க நலன்களைப் பேசும் கோட்பாடு உதவும். தனி வீட்டின் பரவலுக்குப் பரவல் ஆய்வுகளும் பிறப்பு அணிக் கணக்கும் வேண்டும். கடமை ஏன் இன்னும் நிற்கிறது என்பதற்குச் செயல்பாட்டியத்திடம் போகலாம், துர்க்கேமின் எச்சரிக்கையோடு. மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுத்தது எது என்று கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.